எட்டு வேண்டாம், ஒரு படகு போதும்

வாசகி கேள்வி:

"எனக்கு 34 வயது. வீடு தங்கச்சிமடம். பாம்பனில் ஒரு ஐஸ் கம்பெனியில் கணக்கு எழுதுகிறேன். பள்ளியில் படிக்கும்போது நன்றாக வரைவேன்; மூன்று வருடமாகத் திரும்பவும் தொடங்கியிருக்கிறேன். ஜனவரி வந்தால் ஒரு பட்டியல் போட்டுவிடுவேன். இந்த வருடப் பட்டியல்: தினம் ஒரு படம், வாட்டர் கலர், ஆயில், போர்ட்ரெய்ட், தஞ்சாவூர் ஓவியம், டிஜிட்டல், இன்ஸ்டாவில் பத்தாயிரம் பேர், வருடக் கடைசியில் ஒரு கண்காட்சி. போன வருடம் ஸ்கெட்ச் புக் ஒன்பதாம் பக்கத்தோடு நின்றுபோனது. வேலை முடிய மாலை 5 மணி ஆகும். இரண்டு பிள்ளைகள். மீன்பிடித் தடைக்காலத்தில் மட்டும் கம்பெனியில் வேலை குறைவு. ஆசைப்பட்டு வாங்கி வைத்த நல்ல தாளிலும் வண்ணம் திட்டுத் திட்டாகத்தான் இறங்குகிறது. இந்த வருடத்தையாவது எப்படி அமைத்துக்கொள்வது?"

அன்புச் சகோதரிக்கு,

தாளில் வரும் திட்டுக்கு நீங்கள் காரணமில்லை. பெரும்பாலும் கடற்காற்றின் ஈரம்தான் காரணம். அதைப் பிறகு விரிவாகச் சொல்கிறேன். முதலில் பட்டியலைப் பார்த்துவிடுவோம்.

எட்டு வரியில் கடைசி இரண்டும் உங்கள் கையில் இல்லை. பத்தாயிரம் பேர் பார்ப்பதும், ஒருவர் கண்காட்சிக்கு இடம் தருவதும் மற்றவர்கள் எடுக்கும் முடிவு. அவற்றைக் குறிக்கோளாக வைத்தால், நீங்கள் ஒழுங்காக வேலை செய்த மாதத்திலும் தோற்றதாகவே தோன்றும். நடுவில் உள்ள ஐந்தில் நான்கு தனித்தனி ஊடகங்கள். எந்த ஊடகத்திலும் முதல் இருபது படமாவது சுமாராகத்தான் வரும். கை தண்ணீரையோ எண்ணெயையோ பழக அவ்வளவு எடுக்கும். நான்கையும் ஒரே வருடத்தில் தொட்டால் நான்கிலும் அந்தச் சுமாரான கட்டத்திலேயே நிற்பீர்கள். மனம் விட்டுப்போவது அதனால்தான், சோம்பலால் இல்லை. தஞ்சாவூர் ஓவியத்துக்குப் பலகை, துணி, சுண்ணப்பூச்சு, மெல்லிய தங்கத் தகடு என்று தனிப் பட்டறையே வேண்டும். அதை வேறொரு வருடத்துக்குத் தள்ளுங்கள்.

'தினம் ஒரு படம்' என்ற வரியையும் அடித்துவிடுங்கள். அது தவறிய முதல் நாளே முறிந்துபோகிற சபதம்.

ஆக, இந்த வருடத்துக்கு ஒரே ஊடகம்: பென்சிலும் வாட்டர் கலரும். பென்சிலைத் தனியாக எண்ண வேண்டாம், அது அஸ்திவாரம். ஒரே பொருள்: படகு. பாம்பனில் வேலை பார்க்கிறவருக்குப் படகைவிட அருகில் வேறெதுவும் கிடையாது. பாலம் இருக்கிறதே என்று கேட்பீர்கள். 1914-இல் திறந்த பழைய பாலமும் 2025 ஏப்ரலில் திறந்த புதிய தூக்குப் பாலமும் கண்ணைப் பறிப்பவைதான். ஆனால் வரிசையாகத் தூரம் போகும் தூண்களின் இடைவெளி எப்படிச் சுருங்குகிறது என்பது பயிற்சியின் பிற்பகுதியில் தொட வேண்டிய கணக்கு. முதல் வருடத்தில் அதைத் தொட்டால் ஸ்கேலோடு மல்லுக்கட்டியே காலம் போய்விடும்.

பொருளோடு ஒரு கேள்வியும் வேண்டும். 'படகு வரைவேன்' என்றால் ஐந்தாவது படத்திலேயே சலித்துவிடும். 'படகு எதன் மேல் நிற்கிறது?' என்று கேட்டுப் பாருங்கள். ஈர மணலில் நிற்கும்போது அடியில் என்ன தெரிகிறது, தண்ணீரில் மிதக்கும்போது அந்தக் கோடு என்ன ஆகிறது, பலகை மேல் ஏற்றி வைத்தால் நிழல் எங்கே விழுகிறது என்று ஒரு வருடத்துக்குக் குறையாத வேலை அதில் இருக்கிறது.

இனி எண்ணிக்கை. வருடத்தில் 52 வாரம். காய்ச்சல், கல்யாணம், பரீட்சை, தீபாவளி, கிறிஸ்துமஸ் என்று 8 வாரத்தை முதலிலேயே எழுதித் தள்ளிவிடுங்கள். மீதி 44. வாரத்துக்கு இரண்டு அமர்வு, ஒவ்வொன்றும் 45 நிமிடம் என்றால் 88 அமர்வு, 66 மணி நேரம். கேட்க அற்பமாகத் தோன்றும். போன வருட ஒன்பது பக்கத்தோடு ஒப்பிட்டால் இது பெரிய பாய்ச்சல்.

அந்த 88-ஐ இப்படிப் பிரிக்கலாம். 40 அமர்வு பென்சில் மட்டும். 24 அமர்வு சிறு வண்ணப் படம், அமர்வுக்கு ஒன்று. 16 அமர்வு நான்கு முழுமையான படங்களுக்கு, படத்துக்கு நான்காக. 4 அமர்வு காலாண்டுக்கு ஒருமுறை உட்கார்ந்து பார்வையிட. மிச்சம் 4 வீணாகப் போகட்டும். மழை வரும், நாய் துரத்தும், பிரஷ்ஷை மறந்துவிட்டு வருவோம்.

முழுமையான படம் என்பதற்கு நான்கு அமர்வு ஏன்? முதல் அமர்வில் இரண்டு அங்குலத்துக்கு மூன்று அங்குலத்தில் மூன்று குட்டி வரைவு: வெள்ளை, நடுச்சாம்பல், கருமை என்று மூன்றே தொனியில். அதில் ஒன்றைத் தேர்ந்து, இரண்டாம் அமர்வில் சிறு தாளில் வண்ணச் சோதனை. மூன்றாவதில் பெரிய தாளில் படம். நான்காவதில் அதே படம் இன்னொரு தாளில், முதலில் போட்டதைக் கவிழ்த்து வைத்துவிட்டு. இரண்டாவது பெரும்பாலும் தைரியமாக வரும். தயக்கத்தையும் பிழையையும் முதல் தாள் வாங்கிக்கொண்டிருக்கும். இந்த மூன்றாவது, நான்காவது அமர்வுகளை மட்டும் ஞாயிற்றுக்கிழமை ஒன்றரை மணி நேரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

தாள் கணக்கும் சொல்லிவிடுகிறேன், தேவைக்கு மேல் வாங்கிக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். 22-க்கு 30 அங்குல முழுத் தாள், 300 ஜிஎஸ்எம் கனமுள்ள பருத்தித் தாள். அதைப் பதினாறாக வெட்டினால் 5½-க்கு 7½ அங்குலம், சிறு படத்துக்கு. நான்காக வெட்டினால் 11-க்கு 15 அங்குலம், முழுமையான படத்துக்கு. சிறு படங்களும் சோதனைகளும் சேர்ந்து இரண்டு முழுத் தாளுக்குள் அடங்கும். பெரிய படங்கள் எட்டுக்கும் இரண்டு தாள். வருடம் முழுவதற்கும் நான்கே நான்கு. பென்சிலுக்குச் சாதாரணத் தாள், 2பி, 4பி, 6பி.

பென்சிலுக்கு ஸ்கெட்ச் புக் வேண்டாம், உதிரித் தாளும் ஒரு அட்டையும் போதும். உங்கள் புத்தகம் ஒன்பதாம் பக்கத்தில் நின்றது, எட்டாம் பக்கம் நன்றாக வந்ததால்கூட இருக்கலாம். கட்டிய புத்தகத்தில் அடுத்த பக்கம் அதைவிட நன்றாக வர வேண்டும் என்ற பயம் வந்துவிடும். உதிரித் தாளுக்கு அந்தப் பயம் கிடையாது.

எந்த நேரம் என்பதில் நான் உறுதியாக ஒன்று சொல்வேன்: வீட்டுக்குப் போகும் முன்பே உட்கார்ந்துவிடுங்கள். படியேறிவிட்டால் அடுப்படி பிடித்துக்கொள்ளும். இரண்டு நாளைக் குறித்து, அன்று ஒரு மணி நேரம் தாமதமாகும் என்று வீட்டில் முன்கூட்டியே சொல்லுங்கள். 5.15-இலிருந்து 6 மணி வரை. மேற்கிலிருந்து வரும் சாய்வு வெளிச்சம் படகின் ஒரு பக்கத்தை ஒளியாகவும் மறுபக்கத்தை நிழலாகவும் பிரித்துக் கொடுக்கும். நண்பகல் வெயிலில் எல்லாம் வெளுத்துத் தட்டையாகக் கிடக்கும். அதை வரைந்து பழகுவது கடினம். கார்த்திகை, மார்கழியில் ஆறுக்கு முன்பே மங்கிவிடும், அப்போது ஞாயிறு காலைக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

வருடத்தை ஜனவரி, பிப்ரவரி என்று பன்னிரண்டு சமத் துண்டாகப் போடுவதில் எனக்கு உடன்பாடில்லை. உங்கள் கரைக்கு ஏற்கெனவே ஒரு நாட்காட்டி இருக்கிறது, அதைக் காற்று எழுதிவைத்திருக்கிறது. வடகிழக்கிலிருந்து வாடை வீசும் மாதங்களில் தீவின் வடக்கே உள்ள வடகடல் கலங்கிக் கிடக்கும், தெற்கே உள்ள தென்கடல் அடங்கியிருக்கும். தென்மேற்குக் காற்றான கச்சான் தொடங்கினால் தென்கடல் கொந்தளிக்கும், வடகடல் குளம்போலக் கிடக்கும். தண்ணீரில் படகின் நிழலையும் பிரதிபலிப்பையும் படிக்க வேண்டுமானால் அடங்கிய கடல் பக்கம் போக வேண்டும். தீவில் இருப்பவருக்கு இரண்டும் சிறு தூரம்தான். வருடம் முழுவதும் ஏதாவது ஒரு பக்கம் அமைதியாக இருக்கும் வசதி சென்னைக்காரர்களுக்கு இல்லை.

தையிலிருந்து பங்குனி வரை பென்சில் மட்டும், சுமார் 20 அமர்வு. வண்ணப் பெட்டியைத் திறக்கவே வேண்டாம். படகை வாழைப்பழம் போல வரைவதுதான் எல்லோரும் செய்யும் முதல் பிழை. விளிம்பு ஒரே வளைவாக வந்து இரு முனையிலும் கூராகிவிடும். அதற்கு ஒரு வழி: எட்டு என்ற எண்ணைப் படுக்கவைத்து நீட்டி, மெல்லிசாக வரையுங்கள். ஒரு வளையம் பெரிதாக, உங்களுக்கு அருகில் இருக்கும் பகுதி. மற்றது சிறிதாக, தூரப் பகுதி. அந்த இரு வளையங்களின் வெளிக்கோடுதான் இரண்டு பக்க விளிம்பும். குறுக்கே வெட்டும் இடத்துக்கு அப்பால் அணியம், அதாவது படகின் முன்முனை, மேலே எழும்பும். பின்முனையான அமரத்தை அருகிலிருந்து பார்த்தால் அது கூராக இல்லாமல் பலகையாக அகன்றிருப்பதையும் கவனியுங்கள். பிறகு விளிம்பிலிருந்து அடிக்கட்டைக்கு இறங்குங்கள். முப்பது முறை போட்டால் கை தானாக எட்டை விட்டுவிட்டுப் படகைப் போடும்.

கடல் கோட்டையும் கவனிக்க வேண்டும். அது எப்போதும் உங்கள் கண் உயரத்தில்தான் இருக்கும். நின்று வரைந்தால், உங்கள் கண்ணைவிட உயரம் குறைந்த வல்லங்கள் (சிறு படகுகள்) எத்தனை தூரத்தில் இருந்தாலும் அந்தக் கோட்டுக்குக் கீழேதான் முழுதாக அடங்கும். மணலில் உட்கார்ந்துவிட்டால் அதே வல்லம் கோட்டை வெட்டிக்கொண்டு மேலே போகும். பாதியை நின்றும் பாதியை உட்கார்ந்தும் வரைந்தால் படகு சரிவில் உருள்வது போல இருக்கும். நிறையப் பேருக்கு 'ஏதோ சரியில்லை' என்று படுவதற்கு இதுதான் காரணம்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம். உங்கள் வருடத்தின் பொற்காலம் அதுதான். விசைப்படகுகள் எல்லாம் ஒரே இடத்தில் நிற்கும். நேற்று வரைந்த படகு இன்றும் அங்கேயே இருக்கும். சிலவற்றைக் கரையேற்றிப் பலகை மாற்றிப் பெயின்ட் அடிப்பார்கள், அடிவயிறு முழுதாகத் தெரியும். கம்பெனியிலும் வேலை குறைவு, பிள்ளைகளுக்கும் விடுமுறை. இங்கே மட்டும் வாரத்துக்கு மூன்று அமர்வாக ஏற்றிக்கொள்ளுங்கள், வருடத்துப் பற்றாக்குறையை இதுவே ஈடுகட்டும். காலை 6-இலிருந்து 8-க்குள் முடித்துவிட வேண்டும், அப்புறம் வெயில் தாங்காது. பெரிய படங்களில் முதல் இரண்டை இந்தக் காலத்தில் முடியுங்கள். பட்டறையில் ஆட்கள் வேலை செய்தால் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு உட்காருங்கள். பெரும்பாலும் நாற்காலியே கொண்டுவந்து போடுவார்கள்.

வண்ணம் ஆறு போதும்: அல்ட்ராமரைன், தாலோ ப்ளூ, பர்ன்ட் சியன்னா, எல்லோ ஓக்கர், லெமன் எல்லோ, குயினாக்ரிடோன் ரோஸ். அல்ட்ராமரைனும் பர்ன்ட் சியன்னாவும் சேர்ந்தால் நல்ல சாம்பல் வரும், கறுப்பு வாங்க வேண்டாம். சாதா அலிசரின் கிரிம்சன் பெட்டியில் இருந்தால் அது வெளிச்சத்தில் வெளுக்கும் என்று தெரிந்துகொள்ளுங்கள். சந்தேகமுள்ள வண்ணத்தை ஒரு பட்டையாகத் தீட்டி, பாதியைக் கறுப்பு அட்டையால் மூடி ஜன்னலில் மூன்று மாதம் ஒட்டிவைத்தால் உண்மை தெரிந்துவிடும்.

கடல் என்றால் நீலம் என்று ட்யூபிலிருந்து நேராகப் பூசாதீர்கள். ஒரு வெள்ளை அட்டையில் தாளில் துளையிடும் பஞ்சிங் மெஷினால் ஓட்டை போட்டு, கையை நீட்டி அதன் வழியே கடலைப் பாருங்கள். வடகடலின் ஆழமில்லாத ஓரம் பல நாள் பச்சை கலந்த சாம்பலாகத்தான் தெரியும். வெள்ளைப் படகின் நிழல் பக்கம் அந்த ஓட்டையில் பார்த்தால் மணலைவிடக் கறுப்பாக இருக்கும். மூளை 'வெள்ளை' என்று சொல்வதை ஓட்டை ஒத்துக்கொள்ளாது.

ஆனியிலிருந்து புரட்டாசி வரை கச்சான். மணல் ஈரமான வண்ணத்தில் ஒட்டி, காய்ந்ததும் உப்புத்தாளாகிவிடும். வெளியில் பென்சில், வீட்டுக்குள் வண்ணம் என்று பிரித்துக்கொள்ளுங்கள். வெளியில் தொனிக் குறிப்பு எடுத்து, அன்றிரவே சிறு படம் போடலாம். ஒரு நாள் தள்ளினாலும் நிறம் மறந்துவிடும். இந்த மாதங்களில் ஒரு சனிக்கிழமை இராமநாதபுரம் அரண்மனை இராமலிங்க விலாசத்துக்குப் போய்வாருங்கள். சேதுபதி காலத்துச் சுவரோவியங்கள். ஐரோப்பியர்களைச் சேதுபதி சந்திக்கும் காட்சியும் மராத்தியப் படையோடு நடந்த போரும் இருக்கின்றன. கூட்டத்தை எத்தனை குறைந்த கோட்டில் அடக்கியிருக்கிறார்கள், ஓர் உருவம் இன்னொன்றின் மேல் எங்கே மறைகிறது என்று மட்டும் பாருங்கள். நெருங்கி நிற்கும் படகுக் கூட்டத்தை வரையும்போது அது அப்படியே உதவும்.

ஐப்பசி, கார்த்திகை மழை. வண்ணம் காயாது, முதல் பூச்சு ஈரமாக இருக்கும்போது இரண்டாவதைப் போட்டால் காலிஃப்ளவர் போல விளிம்பு விரியும். வீட்டுக்குள், பழைய வரைவுகளிலிருந்து மீதி இரண்டு பெரிய படங்கள். பூச்சுக்கும் பூச்சுக்கும் நடுவே புறங்கையைத் தாளில் வைத்துப் பாருங்கள். குளிர்ச்சியாக இருந்தால் உள்ளே ஈரம் இருக்கிறது.

இப்போது தாள் விவகாரம். நல்ல வாட்டர் கலர் தாளில் ஜெலட்டின் போன்ற ஒரு பசைப் பூச்சு உண்டு. வண்ணத்தை மேலே நிறுத்திவைப்பது அதுதான். கடற்கரை ஈரத்தில் மாதக்கணக்காகத் திறந்து கிடந்தால் அது ஆங்காங்கே கெட்டுவிடும். கெட்ட இடத்தில் தாள் ஒற்றுத்தாள் போல உறிஞ்சும், அதுதான் உங்கள் திட்டு. சோதிக்க, சுத்தமான தண்ணீரை அகலப் பிரஷ்ஷால் ஓர் ஓரத்தில் பூசிச் சாய்த்துப் பாருங்கள். பளபளப்பு சீராக இருந்தால் தாள் நன்றாக இருக்கிறது. மங்கிய புள்ளிகள் தெரிந்தால் அந்தத் தாளைப் பென்சிலுக்கும் கரிக்கும் வைத்துக்கொள்ளுங்கள், தூக்கிப்போட வேண்டாம். புதுத் தாளை வாங்கிய அன்றே வெட்டி, இறுக்கமாக மூடும் பெரிய டப்பாவில் 50 கிராம் சிலிகா ஜெல்லோடு வையுங்கள். நிறம் மாறும் ரகமாக வாங்கினால் எப்போது காய வைக்க வேண்டும் என்று அதுவே காட்டும். காய வைக்கச் சமையல் பாத்திரத்தைத் தொடக் கூடாது, தனிச் சட்டி வேண்டும்.

தண்ணீரும் ஒரு காரணமாக இருக்கலாம். கிணற்று உப்புத் தண்ணீரில் கரைத்தால், காயும்போது உப்பு படிந்து பூச்சு பொரிப்பொரியாகும். குடிக்கிற தண்ணீரையே அரை லிட்டர் பாட்டிலில் எடுத்துப்போங்கள். தாளைப் பிடிக்க இரும்புக் கிளிப் வேண்டாம், இரண்டே வாரத்தில் துருக்கறை தாளில் இறங்கும். துணி காயப்போடும் பிளாஸ்டிக் கிளிப் போதும். பிரஷ்ஷைக் கழுவிப் படுக்கவைத்துக் காய வையுங்கள், நிமிர்த்திவைத்தால் தண்ணீர் உலோகக் குழலுக்குள் இறங்கிக் கட்டை ஊறி ஆடத் தொடங்கும். வண்ணப் பெட்டியை ஈரத்தோடு மூடினால் பூசணம் பிடிக்கும்.

காலாண்டுப் பார்வை: பங்குனி, ஆனி, புரட்டாசி, மார்கழி கடைசி ஞாயிறு. அதுவரை போட்ட எல்லாவற்றையும் தேதி வரிசையில் தரையில் பரப்புங்கள். நன்றாக வந்ததில் மூன்று, கெட்டதில் மூன்று எடுத்து, பின்பக்கம் ஒரு வரி காரணம் எழுதுங்கள். இதற்காகவே ஒவ்வொரு தாளின் பின்னும் தேதி, மணி, எந்தக் கடல், எத்தனை நிமிடம் என்று அன்றன்றே குறித்துவைக்க வேண்டும். 'அழகாக இல்லை' என்பது காரணமாகாது. 'அடியில் நிழல் விட்டுப்போனது, படகு மிதக்கிறது' என்பது காரணம். அடுத்த காலாண்டில் அந்தக் கெட்ட மூன்றிலும் பொதுவாக இருக்கும் ஒரே பிழையை மட்டும் திருத்த எடுங்கள்.

இரண்டு வாரம் தவறிப்போனால், விட்டதைச் சேர்த்து அடைக்கப் போகாதீர்கள். நான்கு அமர்வை ஒரு ஞாயிற்றுக்கிழமையில் திணித்தால் அடுத்த வாரமும் போய்விடும். எண்ணிக்கையைக் குறைத்துக்கொண்டு மேலே நடங்கள். பங்குனிக் கடைசியில் பத்து அமர்வுகூட ஆகவில்லை என்றால் வாரத்துக்கு ஒன்று என்று மாற்றுங்கள். பொருளையும் ஊடகத்தையும் மட்டும் மாற்றாதீர்கள்.

இன்ஸ்டாவில் மாதம் ஒருமுறை ஒரு படம் போடுங்கள், எண்ணிக்கையைப் பார்க்க வேண்டாம். கண்காட்சி ஆசையை விட்டுவிடச் சொல்லவில்லை. மார்கழியில் கையில் நான்கு பெரிய படமும் இருபது சிறு படமும் இருக்கும். அவற்றை வெளிச்சம் சமமாக விழும் இடத்தில் ஒழுங்காகப் படம் பிடித்து, அளவு, ஊடகம், வருடம் எழுதி வைத்துக்கொள்வதைத்தான் இந்த வருடக் குறிக்கோளாகச் சேருங்கள். எங்கே விண்ணப்பித்தாலும் முதலில் அதைத்தான் கேட்பார்கள். சட்டம் போட்டால், கண்ணாடி தாளில் படாமல் நடுவே அட்டை வைத்து இடைவெளி விடச் சொல்லுங்கள். ஒட்டிக்கொண்டால் பூசணம் அங்கிருந்துதான் தொடங்கும். கடல் பார்த்த சுவரில் மாட்ட வேண்டாம்.

வரும் செவ்வாய் 5.15-க்கு ஆறு உதிரித் தாள், ஒரு 4பி பென்சில், அட்டை, இரண்டு கிளிப். வண்ணம் எடுக்காதீர்கள். ஒரே வல்லத்தை ஆறு முறை, தாளுக்கு ஏழு நிமிடம்.